ஆட்டோமேட்டிக் கார் எப்போ கியர் மாத்துது, ஏன் மாத்துது, அதை நம்ம இஷ்டத்துக்கு மாத்த வைக்கிறது எப்படி

மேனுவல் வண்டியில பல வருஷம் ஓட்டிட்டு ஆட்டோமேட்டிக்குக்கு மாறினவங்க முதல் மாசத்துல சொல்ற புகார் பெரும்பாலும் ஒண்ணுதான், நான் கேக்குறப்ப கியர் மாத்த மாட்டேங்குது, கேக்காதப்ப மாத்தித் தொலைக்குது. நானும் அதையேதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இடது கால் இல்லாத கிளட்சைத் தேடி தரையை மிதிச்சுக்கிட்டே இருக்கும், முன்னாடி போற லாரியை ஓவர்டேக் பண்ணலாம்னு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அமுக்குனா வண்டி ஒண்ணுமே பண்ணாம அப்படியே போகும், சரின்னு இன்னும் கொஞ்சம் அமுக்குனா திடீர்னு உறுமிக்கிட்டுப் பாயும், பக்கத்துல உக்காந்திருந்த சித்தப்பா டேஷ்போர்டைப் புடிச்சுக்கிட்டு "டேய் மெதுவாடா, யாருகிட்ட கோவத்தைக் காட்டுற"ன்னுவாரு. நான் எங்க கோவப்பட்டேன், அது பாட்டுக்குப் பாயுது.

கொஞ்ச நாள் ஆர்பிஎம் முள்ளை, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டுற முள்ளை, பாத்துப் பாத்து ஓட்டினப்புறம்தான் உறைச்சுது. அந்தக் கியர் பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது, நான்தான் அதுகிட்ட ஒழுங்கா பேசல. ஆட்டோமேட்டிக்ல உண்மையான கியர் லிவர் உங்க வலது கால்தான். டி-ல (முன்னாடி போறதுக்கான டிரைவ் நிலை) போட்டப்புறம் எந்தக் கியர், எப்போ, எவ்ளோ நேரம்ங்கிறதை எல்லாம் அந்தக் கால் எவ்ளோ ஆழமா, எவ்ளோ வேகமா அமுக்குதுங்கிறதை வச்சுத்தான் முடிவு பண்ணுது. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி எரிச்சல் போயிரும்.

முதல்ல, கியர் எதுக்குன்னு ஒரு கணக்கு

இன்ஜினுக்கு ஒரு குறை உண்டு, ரொம்ப மெதுவா சுத்தவும் தெரியாது, ரொம்ப வேகமா சுத்தவும் முடியாது. சாதாரண பெட்ரோல் இன்ஜின் சும்மா நிக்கிறப்ப நிமிஷத்துக்கு 700, 800 சுத்துல ஓடும், அதுக்குக் கீழ போனா திணறி நின்னுரும். மேல 6000, 6500 பக்கம் சிவப்புக் கோடு. டீசல்ல அந்தச் சிவப்புக் கோடு இன்னும் கீழயே வந்துரும். இந்த வரம்புக்குள்ளயும் நல்லா இழுக்கிற இடம்னு ஒரு பகுதிதான் இருக்கு, சிக்கனமா ஓடுற இடம்னு வேற ஒரு பகுதி. வீலுக்கோ நின்ன இடத்துல இருந்து மணிக்கு 100, 150 கிமீ வரைக்கும் எல்லா வேகமும் வேணும். ரெண்டுக்கும் நடுவுல பஞ்சாயத்து பண்றதுதான் கியர்பாக்ஸ்.

கையில எண்ணை வச்சுப் பாத்தா இன்னும் தெளிவாயிரும். டயர் ஒரு சுத்து சுத்தினா வண்டி 1.9 மீட்டர் நகருதுன்னு வச்சுக்குங்க. முதல் கியரோட விகிதம் 3.8, அதாவது கியர்பாக்ஸுக்கு வெளிய ஒரு சுத்துக்கு இன்ஜின் 3.8 சுத்து, ரெண்டாவது 2.1, டாப் கியர் 0.7, அதுக்கப்புறம் வீலுக்கு முன்னாடி இருக்கிற ஃபைனல் டிரைவ் 4. முதல் கியர்ல இன்ஜின் 3000 சுத்துல இருந்தா, 3.8ஐ 4ஆல பெருக்கி 15.2, 3000ஐ அதால வகுத்தா வீலுக்கு நிமிஷத்துக்கு 197 சுத்து, வண்டி மணிக்கு 22 கிமீ சொச்சம். அதே 3000 சுத்துக்கு ரெண்டாவது கியர்ல 40 கிமீ. இப்போ அந்த 22 கிமீ வேகத்துலயே முதல்ல இருந்து ரெண்டாவதுக்கு மாறுதுன்னா வண்டியோட வேகம் மாறாது, இன்ஜின் மட்டும் 3000ல இருந்து 1650 பக்கம் இறங்கிரும். முள் டபக்குன்னு கீழ விழுறது இதுதான்.

இதே வண்டி டாப் கியர்ல 100 கிமீ போறப்ப இன்ஜின் 2450 பக்கம் ஹாயா ஓடும். அதே 100ஐ முதல் கியர்ல போகணும்னா 13,000 சுத்து வேணும், அதுக்கு ரொம்ப முன்னாடியே இன்ஜின் கதை முடிஞ்சிரும். தலைகீழா, டாப் கியர்ல 20 கிமீ போகணும்னா இன்ஜின் 490ல சுத்தணும், நின்னே போயிரும். அதனால வேகம் ஏற ஏற மேல் கியர், வேகம் குறையக் குறைய கீழ் கியர், இதுல மர்மம் ஒண்ணுமில்ல. மர்மம் எங்கன்னா, ஒரே 50 கிமீ வேகத்துல மூணாவதும் போகலாம், நாலாவதும் போகலாம், அஞ்சாவதும் போகலாம், எதை எடுக்கிறதுன்னு அது எப்படித் தீர்மானிக்குது?

(மின்சாரக் கார்ல பெரும்பாலும் ஒரே கியர்தான், ஏன்னா மோட்டார் நின்ன இடத்துல இருந்தே முழு இழுவை குடுக்கும், 10,000 சுத்துக்கு மேலயும் அசால்ட்டா போகும். கியர் மாத்துற தலைவலி முழுக்க இன்ஜினோட குறையை மறைக்கத்தான்னு இதுலயே தெரிஞ்சிரும்.)

ரெண்டு ஆடு முட்டிக்கிற கதை

இதைப் புரிஞ்சுக்க கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி இருந்த கியர்பாக்ஸைப் பாக்கிறதுதான் சுலபம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா அதுல எல்லாமே எண்ணெயும் ஸ்பிரிங்கும்தான், கண்ணால பாக்கக் கூடிய சமாச்சாரம். அதிக எண்ணிக்கையில தயாரிச்சு வித்த முதல் முழு ஆட்டோமேட்டிக்னு சொல்ற ஹைட்ராமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்கள்ல வந்தது. அதுவும் சரி, அதுக்கப்புறம் பல பத்து வருஷம் வந்த பெட்டிகளும் சரி, மின்சார மூளையே இல்லாம எண்ணெய் அழுத்தத்தை வச்சே கியர் மாத்துச்சு.

கியர்பாக்ஸ்ல இருந்து வீலுக்குப் போற ஷாஃப்ட்ல கவர்னர்னு ஒண்ணு இருக்கும். ஷாஃப்ட் சுத்தச் சுத்த அதுல இருக்கிற சின்ன எடைகள் வெளிய விரியும், விரிய விரிய ஒரு பக்க எண்ணெய் அழுத்தம் கூடும். அதாவது வண்டி வேகம் கூடினா இந்த அழுத்தம் கூடும். இன்னொரு பக்கம், ஆக்சிலேட்டரோட ஒரு கேபிளோ இல்ல இன்ஜினோட வேக்குவம் குழாயோ சேந்து இன்னொரு அழுத்தத்தை உண்டாக்கும், இது நீங்க எவ்ளோ அமுக்குறீங்களோ அவ்ளோ கூடும். நடுவுல ஒரு துளைக்குள்ள விரல் மொத்தத்துல ஒரு வால்வு. ஒரு முனையில வேகத்தோட அழுத்தம் முட்டுது, எதிர் முனையில ஸ்பிரிங்கும் உங்க காலோட அழுத்தமும் சேந்து முட்டுது. ரெண்டு ஆடு முட்டிக்கிற மாதிரிதான். வேகம் ஜெயிச்சா வால்வு நகர்ந்து எண்ணெய் அடுத்த கியரோட கிளட்ச்சுக்குப் பாயும், மேல் கியர் விழும். கால் ஜெயிச்சா கீழ் கியர்.

அவ்ளோதான் சார் மொத்த ரகசியமும். லேசா அமுக்குனா எதிர்ப்பு கம்மி, வேகம் சீக்கிரமே ஜெயிச்சுரும், அதனால மெதுவா ஓட்டுறவங்களுக்கு 1500, 2000 சுத்துலயே கியர் மாறிடும். முழுசா அமுக்குனா எதிர்ப்பு பலமா இருக்கும், வேகம் அதை மீறுறதுக்குள்ள இன்ஜின் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்துல போயிருக்கும். பாதி அமுக்குனா நடுவுல எங்கயோ.

இன்னைக்கு வண்டியில ஆட்டுக்குப் பதிலா கம்ப்யூட்டர். கால் எவ்ளோ அமுங்கியிருக்குன்னு ஒரு சென்சார், வெளிய போற ஷாஃப்ட் எவ்ளோ சுத்துதுன்னு ஒண்ணு, எண்ணெய் சூடு, இன்ஜின் சூடு, பிரேக் மிதிச்சிருக்கா, மேடா இறக்கமான்னு நிறைய வந்து சேருது, உள்ள ஒரு வரைபடம் இருக்கு, இந்த வேகத்துல இவ்ளோ மிதின்னா இந்தக் கியர்னு. அப்புறம் மின்சாரத்துல இயங்குற சோலினாய்ட் வால்வைத் திறந்து எண்ணெயை விடுது. ஆனா அடிப்படை அந்த ரெண்டு ஆடுதான், வேகம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

இன்னொரு சூட்சுமம் இருக்கு, இதைத் தெரிஞ்சுக்கலேன்னா வண்டி மேல தேவையில்லாத சந்தேகம் வரும். மேல போற வேகமும் கீழ இறங்குற வேகமும் வேணும்னே ஒண்ணா வைக்கிறதில்ல. ஒரே அளவு மிதியில 40 கிமீல நாலாவதுக்குப் போச்சுன்னா, திரும்ப மூணாவதுக்கு இறங்க 32, 33 வரைக்கும் பொறுத்திருக்கும்னு வச்சுக்கலாம். ரெண்டும் 40லயே இருந்தா, 40ல போற வண்டி 39, 41னு அசையிற ஒவ்வொரு தடவையும் மாத்தி மாத்தி டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், உக்காந்திருக்க முடியாது.

சரி, காலால பேசுறது எப்படி

ஆளில்லாத நேரான ரோட்ல, ஆர்பிஎம் முள்ளு தெரியிற வண்டியில, ஒரு அரை மணி நேரம் இதைப் பழகிப் பாருங்க. புத்தகத்துல படிக்கிறதை விட இது மேல்.

முதல் தடவை, ஆக்சிலேட்டரை கால்வாசிக்கும் கீழ, ஒரே அளவுல, அசைக்காம அமுக்கி நின்ன இடத்துல இருந்து 60 கிமீ வரைக்கும் போங்க. முள்ளு எந்த எண்ணுல விழுதுன்னு பாத்து வச்சுக்குங்க. ரெண்டாவது தடவை பாதி மிதி. மூணாவது தடவை, பின்னாடி முன்னாடி யாரும் இல்லேன்னா முக்கால் மிதி. மூணு தடவையும் முள்ளு விழுற இடம் எவ்ளோ தள்ளிப் போகுதுன்னு பாத்தா உங்களுக்கே சிரிப்பு வரும், ஒரே வண்டிதானா இதுன்னு.

இதுல இருந்து வர்ற முதல் வித்தை, கியரை சீக்கிரம் ஏத்துறது. வண்டி நீங்க நினைச்ச வேகத்துக்கு வந்துருச்சு, ஆனா இன்னும் கீழ் கியர்லயே சத்தம் போட்டுட்டு இருக்குன்னா, காலை முழுசா எடுக்காதீங்க, ஒரு விரற்கடை அளவு தூக்குங்க. எதிர்ப்பு குறைஞ்சதும் மேல் கியர் விழுந்துரும், விழுந்தப்புறம் மறுபடி பழைய இடத்துக்கு மெதுவா அமுக்குங்க. மெதுவான்னா மெதுவா. டக்குன்னு அமுக்குனா ஓ, இவருக்கு வேகம் வேணும் போலன்னு மறுபடி இறக்கிடும். பல புது வண்டிகள் எவ்ளோ அமுக்குறீங்கங்கிறதோட எவ்ளோ வேகமா அமுக்குறீங்கங்கிறதையும் பாக்குது.

ரெண்டாவது வித்தை ஓவர்டேக். நான் ஆரம்பத்துல பண்ணின தப்பு இங்கதான். லாரிக்குப் பக்கத்துல ஏறினப்புறம் கொஞ்சங் கொஞ்சமா அமுக்கிக்கிட்டே போவேன், பெட்டி அதே டாப் கியர்ல முக்கிக்கிட்டே வரும், கடைசியில ஒரு எல்லையைத் தாண்டினதும் ரெண்டு கியர் ஒரேயடியா இறங்கி உறுமும், அதுதான் சித்தப்பா டேஷ்போர்டைப் புடிச்ச கட்டம். இப்போ எப்படிப் பண்றேன்னா, லாரிக்குப் பின்னாடி இடைவெளி விட்டு இருக்கிறப்பவே, ரோடு காலியாகப் போகுதுன்னு தெரிஞ்சதும், ஒரு தடவை உறுதியா பாதிக்கு மேல அமுக்குவேன். கியர் இறங்கிரும், முள்ளு 3000, 3500க்கு ஏறும், அதுக்கப்புறம்தான் வெளிய வருவேன். இழுவை கைவசம் வந்தப்புறம் வெளிய வரணும், வெளிய வந்தப்புறம் இழுவைக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த ஒரு நொடி ரொம்ப முக்கியம்.

மிதியை அடி வரைக்கும் அமுக்குறதுக்கு கிக்டவுன்னு பேரு. சில வண்டியில அடியில ஒரு கிளிக் தட்டும், அதைத் தாண்டி அமுக்குனா எவ்ளோ கீழ் கியர் பாதுகாப்போ அவ்ளோ கீழ இறக்கிடும். பாதுகாப்போங்கிறது முக்கியமான வார்த்தை, நீங்க எவ்ளோ வெறியா மிதிச்சாலும் இன்ஜின் சிவப்புக் கோட்டைத் தாண்டுற கியருக்கு அது போகாது. கையால மாத்துற மோடுலயும் அப்படித்தான், 100ல போயிட்டு ரெண்டாவது கேட்டா டிங்குன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு முடியாதுன்னுரும். சத்தம் வந்தா அது கோளாறு இல்ல, உங்களைக் காப்பாத்துது.

ஈர ரோட்ல வளைவுக்கு நடுவுல கிக்டவுன் அடிக்கிற வேலை மட்டும் வேணாம். கியர் இறங்குறப்ப வீலுக்கு வர்ற இழுவை திடீர்னு ஏறும், டயர் பிடியை விட்டுரும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, கியரும் இறங்கினப்புறம் உள்ள போங்க.

மேடும் இறக்கமும்

பெட்டி ரொம்பக் குழம்புற இடம் நீளமான மேடு. டாப் கியர்ல ஏறுது, வேகம் குறையுது, நீங்க கொஞ்சம் அமுக்குறீங்க, ஒரு கியர் இறங்குது, வேகம் வந்துருச்சுன்னு காலைத் தளர்த்துறீங்க, உடனே மேல் கியர், மறுபடி முக்கல், மறுபடி இறக்கம். நாலு நிமிஷத்துல பத்து தடவை மாறும், அத்தனை தடவையும் உள்ள கிளட்ச் தட்டுகள் உரசிச் சூடாகுது. புது வண்டிகள் மேடுன்னு கண்டுபுடிச்சு கியரைப் புடிச்சு வச்சுக்கும், ஆனாலும் முழுச் சுமையோட ஏறுறப்ப தடுமாறும். இங்க கூச்சப்படாம கையை உபயோகிங்க. எஸ் (ஸ்போர்ட்) மோடோ, மேனுவல் மோடுல மூணோ, பழைய வண்டின்னா டாப் கியருக்குப் போகாம தடுக்கிற ஓவர்டிரைவ் ஆஃப் பட்டனோ, எதுவா இருந்தாலும் சரி, ஒரு கியர் கீழயே நிறுத்தி வச்சுட்டு ஏறுங்க. சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். 1300 சுத்துல மூச்சு முட்டுற இன்ஜினை விட 2800ல சீரா ஓடுற இன்ஜின் சந்தோஷமாத்தான் இருக்கு, சத்தத்தைக் கேட்டுப் பயப்படாதீங்க.

இறக்கத்துல இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. காலை எடுத்துட்டீங்க, எதிர்ப்பு ஒண்ணுமில்ல, பெட்டி ஜாலியா டாப் கியருக்குப் போகுது, டாப் கியர்ல இன்ஜின் புடிச்சு நிறுத்துற சக்தி ரொம்பக் கம்மி, வண்டி உருண்டு ஓடுது, நீங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றீங்க, பிரேக் சூடாகி வாசனை வருது, கொஞ்ச நேரத்துல மிதி தொளதொளன்னு ஆயிருது. மேட்டுல ஏற எந்தக் கியர் தேவைப்பட்டுதோ ஏறக்குறைய அதே கியர்ல இறங்கணும்னு பழைய டிரைவர்கள் சொல்றது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும், கையால ரெண்டு கியர் இறக்கி வச்சுக்குங்க. சில வண்டிகள்ல ஒரு இறக்கத்துல பிரேக்கை ஒரு தடவை அழுத்தினதுமே தானா ஒரு கியர் இறங்கி இன்ஜின் உறுமும். என்னமோ ஆயிருச்சுன்னு பதற வேணாம், அது உங்களுக்கு ஒத்தாசை பண்ணுது.

இறக்கத்துல என்-ல (நியூட்ரல்) போட்டு உருட்டினா பெட்ரோல் மிச்சம்னு இன்னும் சில பேர் நம்புறாங்க. டி-லயே காலை எடுத்தா இன்ஜினை வீலே சுத்திக்கிட்டு வரும், அதனால இன்ஜெக்ஷன் வண்டியில எரிபொருளையே நிறுத்திடும். என்-ல போட்டா இன்ஜின் நிக்காம இருக்க எரிபொருள் ஊத்தியே ஆகணும். மிச்சமும் இல்ல, இன்ஜின் புடியும் போச்சு.

கியர் மாறுற மாதிரி இருக்கும், ஆனா கியர் இல்ல

என் சிநேகிதன் ஒருத்தன் அஞ்சு கியர் வண்டி வாங்கிட்டு ஒரு வாரத்துல போன் பண்றான், டேய் நாலு தடவை மாற வேண்டியது அஞ்சு தடவை மாறுதுடா, 65 கிமீல எப்பவும் கடைசியா ஒரு சின்ன அசைவு, முள்ளு ஒரு 250 சுத்து இறங்குது, மெக்கானிக் ஒருத்தர் கியர்பாக்ஸைப் பிரிச்சுப் பாக்கணும்ங்கிறாருன்னு. பிரிக்காதேன்னேன். அது டார்க் கன்வெர்ட்டரோட லாக்கப்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல மேனுவல்ல இருக்கிற கிளட்ச்சுக்குப் பதிலா இங்க எண்ணெய் நிரம்பின ஒரு உருண்டை இருக்கு. இன்ஜின் பக்கத்து விசிறி எண்ணெயைச் சுழட்டி அடிக்கும், அந்த எண்ணெய் எதிர்ல இருக்கிற விசிறியைத் தள்ளும், நடுவுல ஸ்டேட்டர்னு ஒண்ணு எண்ணெயைத் திருப்பி விட்டு கிளம்புறப்ப இழுவையைக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆக்கிக் குடுக்கும். சிக்னல்ல பிரேக்கை விட்டதும் வண்டி தானா ஊர்ந்து போறதும் இதனாலதான். ஆனா எண்ணெய் வழியா தள்ளுறதுல எப்பவும் கொஞ்சம் நழுவல் உண்டு, நழுவல்னா சூடு, வீண் செலவு. அதனால வேகம் சீரானதும் உள்ள ஒரு கிளட்ச் ரெண்டையும் சேத்துப் பூட்டிடும். பூட்டினதும் நழுவல் போயி முள்ளு 200, 300 இறங்கும். சோதிக்கணும்னா, அந்த வேகத்துல சீரா போறப்ப, ஆக்சிலேட்டரை அசைக்காம பிரேக்கை இடது காலால லேசா தொட்டுப் பாருங்க (ரோடு காலியா இருந்தா மட்டும், பழக்கமில்லாத இடது கால் சட்டுன்னு அமுக்கிடும்), பல வண்டிகள்ல பூட்டு திறந்து முள்ளு கொஞ்சம் ஏறும், விட்டதும் மறுபடி இறங்கும். சிநேகிதன் செஞ்சு பாத்துட்டு அப்படியேதான் இருக்குன்னான், கியர்பாக்ஸ் தப்பிச்சுது.

இதோட சேர்த்து இன்னொண்ணு, காலையில முதல் தடவை எடுக்கிறப்ப வண்டி கியரை ஏத்தாம 2500, 3000 வரைக்கும் இழுத்துட்டுப் போகும். பல பேர் இதையும் கோளாறுன்னு நினைக்கிறாங்க. குளிர்ந்த இன்ஜினை சீக்கிரம் சூடாக்கவும், புகைக் குழாய்ல புகையைச் சுத்தப்படுத்துற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்யிற சூட்டுக்கு வரவும் வேணும்னே அப்படி வச்சிருக்காங்க. எண்ணெய் சூடாகிற வரைக்கும் லாக்கப்பும் வராது. கொஞ்ச தூரம் போனதும் சரியாயிரும். அது வரைக்கும் விரட்டாம ஓட்டினா போதும்.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒண்ணு இல்ல

இதுவரைக்கும் சொன்னது டார்க் கன்வெர்ட்டர் வகை. அதுல கிரக கியர்னு சொல்ற அமைப்பு, நடுவுல சூரியன் மாதிரி ஒரு சக்கரம், சுத்தி சின்னச் சின்னதா, வெளிய ஒரு வளையம், எல்லாம் எப்பவும் ஒண்ணோட ஒண்ணு பல் கோத்தே இருக்கும். எதைப் புடிச்சு நிறுத்துறோம், எதைச் சுத்த விடுறோம்ங்கிறதை வச்சு விகிதம் மாறுது. ஒரு கிளட்ச் விடுறப்பவே இன்னொண்ணு புடிச்சுரும், அந்த நொடியில இன்ஜினும் தன் வேகத்தைக் கொஞ்சம் அடக்கிக் குடுக்கும், அதனாலதான் இழுவை அறாம மாறுது. 2009ல பிஎம்டபிள்யூ 7 சீரிஸ்ல வந்த இசட்எஃப் எட்டு கியர் பெட்டி மாதிரி உள்ளதுல எப்போ மாறுச்சுன்னே தெரியாது.

ஏஎம்டின்னா கதை வேற. அது உள்ளுக்குள்ள சுத்த மேனுவல், கிளட்ச்சை மிதிக்கிறதும் கியர் போடுறதும் மட்டும் ஒரு இயந்திரக் கை. அதனால ஒவ்வொரு தடவையும் இழுவை ஒரு நொடி அறுந்துதான் சேரும், தலை முன்னாடி ஆடும். மேனுவல்ல கிளட்ச் மிதிக்கிறப்ப காலை எப்படி எடுப்பீங்களோ அதே மாதிரி மாறப் போற நேரத்துல ஆக்சிலேட்டரை லேசா தளர்த்துங்க. ரெண்டு நாள்ல நேரம் பழகிடும், ஆட்டம் முக்காவாசி குறைஞ்சிரும். இதை யாரும் ஷோரூம்ல சொல்லித் தர்றதில்லங்கிறது என் வருத்தம்.

டிசிடில ரெண்டு கிளட்ச், ஒண்ணு ஒத்தைப்படை கியர்களுக்கு, ஒண்ணு ரெட்டைப்படைக்கு. மூணாவதுல போறப்பவே நாலாவதைக் கோத்து வச்சுட்டுக் காத்திருக்கும், மாறுறப்ப கண் சிமிட்டுற நேரம்தான். ஆனா நாலாவதைக் கோத்து வச்சிருக்கிற நேரத்துல நீங்க திடீர்னு மிதிச்சு ரெண்டாவது கேட்டா, ஒரு சின்னத் தயக்கம் வரும், அது ஊகம் தப்பாப் போனதால. நெரிசல்ல அங்குலம் அங்குலமா ஊர்றது இதுக்கு ஆகாது, கிளட்ச் பாதி உரசிக்கிட்டே இருக்கும். முன்னாடி கொஞ்சம் இடம் விட்டு, சேந்தாப்ல நகர்ந்து, முழுசா நில்லுங்க.

சிவிடில கியரே இல்ல, ரெண்டு கப்பி, நடுவுல ஒரு பெல்ட், கப்பிகள் அகலமாகிக் குறுகி விகிதம் வழுக்கிக்கிட்டே மாறும். 1958லயே டச்சுக் கம்பெனி டாஃப் இதை ரப்பர் பெல்ட்டோட கார்ல கொண்டாந்துருச்சு. மிதிச்சா முள்ளு ஒரு இடத்துக்குப் போய் அங்கயே நிக்கும், வேகம் மட்டும் மெதுவா ஏறும், கிளட்ச் வழுக்குதோன்னு தோணும், வழுக்கல. இந்த உணர்வு பிடிக்காம ஜனங்க புலம்பினதால இப்போ வர்ற பல சிவிடில பொய்யா கியர் மாறுற மாதிரி படி வச்சுக் குடுக்கிறாங்க. எனக்கு அது கேலிக்கூத்தாத்தான் படுது, ஆனா ஓட்டுறவங்களுக்கு நிம்மதியா இருந்தா சரி.

எப்போ நிஜமாவே கவலைப்படணும்

மாறுறப்ப வண்டி வேகம் ஏறாம இன்ஜின் மட்டும் ஒரு நொடி வீய்ங்னு ஏறி அப்புறம் சேருதா, அது கிளட்ச் தட்டுகள் வழுக்குறதோட அறிகுறி. டி-ல போட்டு ரெண்டு மூணு நொடி கழிச்சு டமால்னு கோக்குதா, அதுவும் நல்லதில்ல. 60, 70ல சீரா போறப்ப கரடுமுரடான பட்டை மேல போற மாதிரி ஒரு நடுக்கம் வந்து, காலை எடுத்தா நின்னுருதுன்னா பெரும்பாலும் லாக்கப் கிளட்ச்சோ இல்ல பழசான எண்ணெயோதான். இன்ஜின் விளக்கு எரிஞ்சு வண்டி ஒரே கியர்ல, ரெண்டுலயோ மூணுலயோ மாட்டிக்கிட்டா அது தற்காப்பு மோடு, மெதுவா ஓட்டிக் கொண்டு போய்ச் சேருன்னு அர்த்தம், விரட்டாதீங்க.

பேட்டரி மாத்தினப்புறம் சில நாள் கியர் முரட்டுத்தனமா மாறினா அது வேற. கிளட்ச்சுக்கு எண்ணெய் நிரம்ப எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பெட்டி ஓட்ட ஓட்டக் கத்துக்கிட்டு வச்சிருக்கும், சில வண்டிகள்ல பேட்டரியைக் கழட்டினா அது மறந்துரும். சாதாரணமா ஓட்டிட்டே இருங்க, திரும்பக் கத்துக்கும். அந்தச் சில நாள் தாண்டியும் நிக்கலேன்னா காட்டுங்க.

எண்ணெயைப் பத்தி ஒண்ணு. ஏடிஎஃப்னு சொல்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் பல வண்டியில புதுசுல சிவப்பா இருக்கும், பழுப்பாகி கருகின வாசனை வந்தா உள்ள சூடு அதிகமாயிருக்குன்னு அர்த்தம். அளவு பாக்கிற முறை வண்டிக்கு வண்டி மாறும், பலதுல இன்ஜின் ஓடிக்கிட்டு எண்ணெய் சூடா இருக்கிறப்பதான் பாக்கணும், சிலதுல குச்சியே கிடையாது. கையேட்டுல போட்டிருக்கிற ரகத்தைத் தவிர வேற எதையும் ஊத்தாதீங்க, சிவிடிக்கு வேற, டிசிடிக்கு வேற, எல்லாம் எண்ணெய்தானேன்னு ஊத்தினா பெட்டி காலி. வண்டி முழுசா நிக்காம ஆர்-ல இருந்து டி-க்கோ, டி-ல இருந்து ஆர்-க்கோ போடுற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுருங்க. வண்டி நடுவழியில நின்னு போனா இன்ஜின் சுத்துற வீல் தரையில உருள விட்டு இழுத்துட்டுப் போகவும் கூடாது, எண்ணெய் பம்பை ஓட்டுறது இன்ஜின்தான், இன்ஜின் நின்னா உள்ள பல்லுக்கும் பேரிங்குக்கும் எண்ணெய் போகாது.

மெக்கானிக்கிட்ட போறப்ப "கியர் சரியா விழ மாட்டேங்குது"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அதை வச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு. எந்தக் கியர்ல இருந்து எந்தக் கியருக்கு, என்ன வேகத்துல, கால் எவ்ளோ அமுக்கியிருந்துச்சு, முள்ளு ஏறுச்சா இறங்குச்சா, வண்டி சூடா இருந்துச்சா ஆறிப் போயிருந்துச்சா, மேடா சமதளமா, இவ்ளோவையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சா அவரைப் பக்கத்துல உக்கார வச்சு அதே மாதிரி ஓட்டிக் காட்டுங்க, ஏன்னா அவரு தன் காலால ஓட்டிப் பாத்தா அது வேற மாதிரிதான் மாறும்.